சொர்ணவல்லி பொருக்குடைத்த வருஷம்

பொட்டலூருக்கு வந்து சொர்ணவல்லி வீடு எது என்று கேட்டால், "எந்தச் சொர்ணவல்லி, களைக்கொத்துச் சொர்ணவல்லியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். ஊரில் வேறு சொர்ணவல்லி கிடையாது. இருந்தாலும் கேட்பார்கள். அவளைக் களைக்கொத்து இல்லாமல் ஊர் பார்த்தது கல்யாணத்தன்று மட்டும்தான் என்று அவள் புருஷன் செல்லமுத்து சொல்வார். அன்றைக்கும் பந்தலுக்குள் உட்கார்ந்து கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டுதான் இருந்தாள் என்று கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்.

அவள் பிறந்த ஊர் ஆவுடையார்கோவில் பக்கம். அங்கே களிமண், கண்மாய், நெல். அரிமளத்துக்குத் தெற்கே இந்தச் செம்மண் காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவளுக்குக் கடலை விவசாயம் தெரியாது. வந்து கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதில் அவள் கெட்டிக்காரியானது பொருக்கு உடைப்பதில்தான்.

கடலை போட்ட பிறகு ஒரு மழை பெய்து, மறுநாள் வெயில் காய்ந்தால், செம்மண் மேலே அப்பளம் மாதிரி ஒரு ஏடு கட்டும். அதுதான் பொருக்கு. அடியில் முளை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு மஞ்சளாய்ச் சுருண்டு போகும். அந்த நேரத்தில் களைக்கொத்தை எடுத்து, முளை நோகாமல் பொருக்கை மட்டும் உடைத்துவிட வேண்டும். முளையும் மேலே வரும், அடுத்த மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும். சொர்ணவல்லி உடைத்த கொல்லையில் முளை தவறாது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வரப்பில் நின்று, "ஏந்தா, பொருக்கு பூட்டிக் கெடக்கு, பாத்துக்கிட்டே நிக்கிற" என்று திட்டிவிட்டு இவளே இறங்கிவிடுவாள். நல்ல மனசு. ஆனால் அவள் ஒன்று நினைத்துவிட்டால் அய்யனாரே வந்து சொன்னாலும் கேட்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஊரணி முறை வந்தது.

ஊரணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பொட்டலூரில் ஆழ்குழாய்த் தண்ணீர் உண்டு. வீட்டுக்கு வீடு குழாயும் உண்டு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோறு மஞ்சள் பூக்கும். டீ போட்டால் வாயில் வைக்க முடியாது. கேன் தண்ணீர் வாங்குகிறவர்களும் சமையலுக்கு ஊரணியில்தான் மொண்டு வருவார்கள். ஊருக்கு மேற்கே ஒரு பெரிய பொட்டல் சரிந்து கிடக்கிறது. அதில் விழுகிற மழை ஓடி வந்து வரத்துக்கால் என்கிற வாய்க்காலில் சேர்ந்து ஊரணிக்குள் இறங்கும். அது நிரம்பினால் வைகாசி வரைக்கும் ஊருக்குப் பஞ்சம் இல்லை.

வருஷத்துக்கு ஒரு வீடு அந்த ஊரணிக்குப் பொறுப்பு. அதற்குப் பெயர் முறை. சித்திரையில் முறை மாறும். பழைய முறை வீட்டுக்காரி ஊரணியில் ஒரு குடம் மொண்டு, புது முறை வீட்டுக்காரி குடத்தில் ஊற்றுவாள். அதோடு பொறுப்பும் கை மாறிவிடும். பொட்டலில் ஆடு மாடு ஏறாமல், ஒருவரும் செருப்போடு நடக்காமல், வெளிக்கு ஒதுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்கு முன்னால் வரத்துக்காலில் கிடக்கும் முள்ளையும் சருகையும் தள்ள வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வருஷம் ஊரணி நிரம்பினால் அந்த வீட்டுப் பெயர் நிற்கும். நிரம்பாவிட்டாலும் அந்த வீட்டுப் பெயர்தான் நிற்கும். "உண்ணாமலை வருசம்" என்றால் இன்றைக்கும் பெண்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். உண்ணாமலை செத்து, அவள் பிள்ளைகளே பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. மழை பெய்யாததற்கு அவள் என்ன செய்வாள் என்று கேட்க ஆளில்லை.

சொர்ணவல்லி குடம் வாங்கிய சித்திரையில் ஊரணி அடியில் சேறுதான் கிடந்தது. முந்தின வருஷ மழை குறைச்சல். "எம் முறையில ஊரணி நெறஞ்சு கலிங்கு வழியணும்" என்று அவள் வாங்கும்போதே சொன்னாள். சொன்னது செல்லமுத்துவின் தங்கை அழகி காதில் விழுந்தது. அழகி வீடு அடுத்த முறை. "வழியட்டும் மதினி, அப்பறம் நான் வாங்கிக்கிற குடமும் நெறஞ்சு இருக்கும்ல" என்றாள். அழகி பேசுவதில் எது வாழ்த்து, எது குத்தல் என்று பிரிப்பது கஷ்டம்.

ஆடியில் கடலை போட்டாள் சொர்ணவல்லி. மழை பெய்தது, பொருக்குப் பூட்டியது, உடைத்தாள், முளை பாய் விரித்தாற்போல் வந்தது. அந்தச் சந்தோஷத்தோடு ஒரு நாள் பொட்டலைப் பார்க்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

பொட்டல் முழுக்கக் கறுப்பாய்ப் பொருக்குக் கட்டிக் கிடந்தது. அது இன்று நேற்று கட்டியதில்லை. ஊர் தோன்றின நாளிலிருந்து அப்படித்தான் கிடக்கிறது. தீய்ந்த தோசையைக் கவிழ்த்துப் போட்டதுபோல் இருக்கும். ஊரில் யாரும் அதை ஒரு பொருளாகப் பார்த்ததில்லை. சொர்ணவல்லியும் இத்தனை வருஷம் பார்த்ததில்லை. முறை வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. கடலைக் கொல்லையில் ஒரு நாள் பொருக்குக்கே மண் மூச்சு முட்டுகிறது, இங்கே எத்தனை காலத்துப் பொருக்கு இது என்று நினைத்தாள். இதை உடைத்துச் சுரண்டி எடுத்தால் மண்ணுக்கும் நல்லது, ஊரணிக்கும் பாசி வராது. போன வருஷம் ஊரணி ஓரத்தில் பாசி படர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றினால் முடிந்தது.

வீட்டில் சொன்னாள். செல்லமுத்து ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"பொட்டல்ல போயி என்னத்தடி முளைக்கப் போவுது? பொருக்கு ஒடைக்கிறேங்கிற."

"முளைக்கவா சொன்னேன்? சுத்தமா இருக்கட்டும்னு சொல்றேன்."

"இதுக்கு முன்னாடி யாரும் அதத் தொட்டதில்ல புள்ள."

"தொடாம விட்டாகளா, தொடக் கூடாதுன்னு சொன்னாகளா? அதச் சொல்லுங்க."

செல்லமுத்து யோசித்தார். தொடக் கூடாதென்று யாரும் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. நடக்காதே என்றார்கள், ஆடு விடாதே என்றார்கள், செருப்பைக் கழற்று என்றார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். "என்னமோ செய்யி" என்றார்.

புரட்டாசியில் வீட்டுக்கு ஓராள் என்று சொல்லிவிட்டாள். ஊர் வேலை என்றால் அப்படித்தான், யாரும் மறுக்க முடியாது. பெண்கள் மண்வெட்டியும் களைக்கொத்துமாக வந்தார்கள். பொட்டலின் மேல்புறம் முனியய்யா கல் இருக்கிறது. அந்தக் கல்லைத் தாண்டிப் பெண்கள் போகக் கூடாது. அதனால் கல்லுக்கு மேலே கிடந்த தரை அப்படியே கிடந்தது. கல்லுக்குக் கீழே ஒரு கை அகலம் விடவில்லை. உடைத்து, கூட்டி, கறுப்புப் பொருக்கைக் கூடை கூடையாக அள்ளிப் பள்ளத்தில் கொட்டினார்கள். முடித்தபோது பொட்டல் புதுசாய் மெழுகிச் செங்காவி பூசின வாசல்போல் பளபளத்தது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒரு பெண் போனில் படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற சொர்ணவல்லியின் மகன் விக்ரம் அங்கிருந்து கூப்பிட்டு, "ஆத்தா, நம்ம ஊரா இது, கோயில் மாதிரில இருக்கு" என்றான். சொர்ணவல்லிக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஐப்பசி பிறந்ததும் முதல் மழை. நல்ல மழை. மத்தியானம் பிடித்து மாலை வரைக்கும் அடித்தது. வேறு வருஷமாக இருந்தால் அந்த ஒரு மழைக்கே வரத்துக்கால் சத்தம் ஊருக்குள் கேட்கும். சொர்ணவல்லி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னாலேயே பாதி ஊர் கரையில் நின்றது.

வரத்துக்காலில் தண்ணீர் இல்லை. முனியய்யா கல் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு சின்ன ஓடை, ஆட்டுக்குட்டி தாண்டுகிற அளவுக்கு, வந்துகொண்டிருந்தது. அதுவும் பொட்டலின் நடுவுக்கு வந்ததும் காணாமல் போனது. மழை கொட்டுகிறது, மண் குடிக்கிறது. கொட்டக் கொட்டக் குடிக்கிறது. கால் வைத்த இடம் கணுக்கால் வரைக்கும் புதைந்தது.

"பூமி விடாய் அடங்கட்டும்" என்றாள் சொர்ணவல்லி. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

"நல்லாக் குடிக்குது மதினி" என்றாள் அழகி. "நீங்கதான ஒடச்சு விட்டீங்க, ஒங்க பேரச் சொல்லிக் குடிக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சொர்ணவல்லிக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. குழப்பம்தான் வந்தது. பொருக்கை உடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதானே. அதற்காகத்தானே கொல்லையில் உடைக்கிறோம். தெரிந்த ஒன்றை இங்கே மட்டும் எப்படி மறந்தோம்? இல்லை, மறக்கவில்லை; இங்கே அது வேறு மாதிரி நடக்கும் என்று நினைத்தோமா? என்னதான் நினைத்தோம்? எவ்வளவு யோசித்தாலும் புரட்டாசியில் தன் தலைக்குள் என்ன இருந்ததென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சரி, குடித்தது குடித்துவிட்டது, அடுத்த மழை ஓடி வந்துதானே ஆக வேண்டும் என்று தேற்றிக்கொண்டாள். அவள் நினைத்தபடியே நடந்தது. தீபாவளிக்கு முந்தின மழையில் தண்ணீர் ஓடித்தான் வந்தது. செங்கலைக் கரைத்துவிட்டாற்போல் வந்தது. ஊரணிக்குள் அது இறங்கிப் பரவியபோது அடியில் தெளிந்து கிடந்த கொஞ்சத் தண்ணீரும் கலங்கியது. குடத்தில் மொண்டு ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். அடியில் நாலு விரல் சேறு. மேலேயும் தெளியவில்லை. டீக்கடைக்காரர் ஊரணித் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேனுக்கு மாறினார்.

முதல் மழையில் குடித்த மண், அடுத்த மழையில் ஏன் கக்குகிறது? குடிக்கிற மண் என்றால் குடிக்க வேண்டும், ஓடவிடுகிற மண் என்றால் முதலிலேயே ஓடவிட்டிருக்க வேண்டும். சொர்ணவல்லி ஒரு குடத்தையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு தானே பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

சுரண்டின தரையில் ஒரு சொம்பு ஊற்றினாள். மேல் மண் கஞ்சிபோல் இளகி, அப்படியே பூசினாற்போல் மூடிக்கொண்டது. அடுத்த சொம்பு ஊற்றியதும் அந்தக் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு சிவப்பாய் ஓடியது. முனியய்யா கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றே கையை நீட்டி, கல்லுக்கு மேலே கிடந்த கறுப்புப் பொருக்கில் ஊற்றினாள். இப்போது நடந்ததை அவளே இரண்டு தடவை செய்து பார்த்துத்தான் நம்பினாள். தண்ணீர் பட்ட இடம் கண் முன்னே பச்சையாக மாறியது. தீய்ந்த தோசை, வெற்றிலை நிறத்துக்கு வந்தது. தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு கலங்காமல் கண்ணாடியாக ஓடியது. இதுவரைக்கும் சரி. கடைசியாக அங்கேயே கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த ஒரு சூரைப் புதரடியில் ஊற்றினாள். அங்கேயும் அதே கறுப்புப் பொருக்குத்தான். அதுவும் பச்சையானது. ஆனால் தண்ணீர் ஓடவில்லை. உறிஞ்சிவிட்டது.

சொம்பைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள் சொர்ணவல்லி.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அழகியின் மகள் சிவரஞ்சனி வந்தாள். அவள் விவசாயக் கல்லூரியில் மண்ணைப் பற்றி மேல்படிப்புப் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்திருந்தாள். ஆத்தாக்காரி அனுப்பினாளா, தானாக வந்தாளா தெரியாது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன அத்தை, தனியா ஒக்காந்து தண்ணி தெளிச்சு வெளையாடுறீங்க?"

"வா ஆத்தா. ஒங்க ஆத்தா என்ன சொல்லி விட்டா?"

"ஒண்ணும் சொல்லல. நான் இதப் பாக்கணும்னு வந்தேன்." கல்லுக்கு மேலே பார்த்தாள். "இது உசுரு உள்ளது அத்தை. பாசி. கண்ணுக்குத் தெரியாத நூலு மாதிரி மண்ணுக்குள்ள ஓடி, மண்ணக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருக்கும். மழ இல்லாதப்ப தூங்கும். தண்ணி பட்டா முழிச்சிக்கும். பாலைவனத்துல எல்லாம் இது இருக்கு. படிச்சிருக்கேன். நம்ம ஊர்ல இருக்குன்னு நெனச்சுப் பாக்கல."

"கொல்லையில கட்டுறது?"

"அது வெறும் மண்ணு அத்தை. மழ அடிச்சுக் காஞ்சு எறுகுறது. அதுக்கு உசுரு கெடையாது. அத ஒடைக்கிறது சரிதான்."

"ரெண்டும் பொருக்குத்தானடி."

"பாக்கிறதுக்கு ஒண்ணு."

சொர்ணவல்லி அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "சரி, நீ படிச்சவ, எனக்கு ஒரு பதில் சொல்லு. இந்தப் பாசி தண்ணிய ஓட விடுமா, குடிக்குமா?"

"அது எடத்தப் பொறுத்து அத்தை."

"அதான பாத்தேன்."

"நெசமாத்தான் சொல்றேன். வெட்டவெளியில வழுவழுன்னு இருக்குற எடத்துல, நனஞ்சதும் ஊதிக்கிட்டு மண்ணுல இருக்குற ஓட்டைய அடச்சிரும். தண்ணி ஓடும். புதரடியில வேரு இருக்கு, எறும்புப் புத்து இருக்கு, மேடு பள்ளமா இருக்கு. அங்க நின்னு எறங்கும். வெட்டவெளி குடுக்குது, புதரு வாங்கிக்குது. அப்படித்தான் அந்தப் புதரு மழ இல்லாத ஊர்லயும் பொழைக்குது."

"அப்ப நம்ம ஊரணி?"

"ஊரணியும் ஒரு பெரிய புதருன்னு வச்சுக்கங்க."

சொர்ணவல்லிக்கு இது புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. வயலுக்குத் தண்ணீர் உள்ளே போக வேண்டும், ஊரணிக்குத் தண்ணீர் ஓடி வர வேண்டும். இதைச் சொல்ல ஒருத்தி படிக்கவா வேண்டும்? தெரிந்ததுதான். ஆனால் மண்ணைக் கையில் எடுத்ததும் கை அதன் போக்கில் போய்விட்டது.

"திரும்ப எப்ப வளரும்?"

"தெரியல அத்தை."

"படிச்சிருக்கேங்கிற."

"சில ஊர்ல ரெண்டு மூணு வருசத்துல லேசாப் பிடிக்கும்னு எழுதியிருக்கு. சில ஊர்ல ஒரு ஆயுசு ஆகும்னு எழுதியிருக்கு. நம்ம ஊர்ல யாரும் பாத்ததில்ல. கல்லுக்கு மேல இருந்து கொஞ்சம் பொடிச்சு எடுத்துத் தூவுனா வெரசாப் பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம். ஆனா ஒண்ணு, மிதிக்கக் கூடாது."

"அதத்தான் முன்னாடியே எல்லாரும் சொன்னாக" என்றாள் சொர்ணவல்லி. "எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல."

கார்த்திகையில் பெருமழை வரும் என்று செய்தியில் சொன்னார்கள். ஊரணி கால்வாசிகூட இல்லை. ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிரப்பினால் இந்த மழைதான் நிரப்ப வேண்டும். சொர்ணவல்லி மட்டும் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மழை சுரண்டின பொட்டலில் விழுந்தால் ஊரணி நிரம்பும், சந்தேகமில்லை. நிரம்புகிறது பாதி தண்ணீர், பாதி சேறு. அடுத்த வருஷம் அந்தச் சேற்றை ஊர் தூர் வாரிக்கொண்டிருக்கும். கல்லுக்கு மேலேயிருந்து வருகிற தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் கண்ணாடி. அதை மட்டும் தனியாகக் கொண்டுவந்தால்?

"கல்லு ஓரமா ஒரு கால் வெட்டி, மேட்டுத் தண்ணிய நேரா வரத்துக்கால்ல சேக்கணும்" என்று செல்லமுத்துவிடம் சொன்னாள். "பொட்டல்ல இருந்து வர்றத, கரை போட்டு அங்கிட்டு முந்திரிக் காட்டுப் பக்கம் திருப்பி விடணும்."

"வர்ற தண்ணிய வெட்டி விடச் சொல்றியா? இந்த வருசத்துலயா?"

"சேத்த வெட்டி விடச் சொல்றேன்."

"ஊரு ஒன்னிய உசுரோட விடாது."

"விடாட்டிப் போகுது. நீங்க வெட்டுவீங்களா, நான் கல்லத் தாண்டவா?"

செல்லமுத்து மண்வெட்டியை எடுத்தார். கல்லைத் தாண்டி அவர் வெட்டினார், இந்தப் பக்கம் அவள் கரை போட்டாள். செய்தி ஊருக்குள் போய்ச் சேர்ந்ததும் சனம் வந்துவிட்டது. சந்தனம் என்கிற ஊர்ப் பெரியவர் முன்னால் நின்றார்.

"ஏம்மா, மொதல்ல ஒடச்ச. இப்ப வர்றதயும் தள்ளி விடுற. ஒனக்கு என்னதான் வேணும்?"

"தெரியலங்க" என்றாள் சொர்ணவல்லி. ஊர் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்து வந்திருந்தார்கள். "எனக்கு நெசமாத் தெரியலங்க. நான் பண்ணுனது தப்புன்னு தெரியுது. இது சரியான்னு தெரியல. ஆனா அந்தச் சேத்துத் தண்ணிய நான் எறங்க விட மாட்டேன். என் முறை முடியட்டும், அப்பறம் நீங்க இந்தக் கரைய வெட்டிக்கங்க."

"நெறயாது, சொர்ணவல்லி."

"தெரியுங்க."

"நெறயாத வருசத்துக்கு ஒம் பேருதான் நிக்கும்."

"நிக்கட்டுங்க. கலங்குன வருசத்துக்கு நிக்கிறதுக்கு அது தேவல."

முறை வீட்டுக்காரி சொல்லைத் தாண்டி ஊரணியில் யாரும் கை வைக்க முடியாது. அது ஊர்க் கட்டு. பேசிவிட்டுக் கலைந்தார்கள். பேசினது கொஞ்சநஞ்சமில்லை.

பெருமழை வந்தது. அவள் கரை மேலேயே நின்றாள். ஒரு பக்கம் சிவப்பாய்த் திரண்டு வந்த வெள்ளம் கரையில் மோதித் திரும்பி முந்திரிக் காட்டுக்குள் போனது. எவ்வளவு தண்ணீர்! மறுபக்கம் ஒரு முழ அகலத்துக்கு ஒரு ஓடை, தெளிந்த தண்ணீர், அவசரமே இல்லாமல் நடந்து வந்து ஊரணிக்குள் இறங்கியது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் ஒரு தடவை மண்வெட்டியை எடுத்துக் கரையை வெட்டிவிடலாமா என்று கூடப் போனாள். போய், நின்று, திரும்பி வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு அதே வேலை.

மழை ஓய்ந்த பிறகு ஊரணி பாதிதான் இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னாலும் சொல்லலாம். மார்கழியில் தெளிந்தது. டீக்கடைக்காரர் ஒரு நாள் காலையில் வந்து குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு போனார். சொர்ணவல்லி கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை, மாசி, பங்குனி முழுக்கவும் ஊர் அதைச் சிக்கனமாகக் குடித்தது. வீட்டுக்கு இவ்வளவு குடம் என்று அவளே நின்று அளந்து விட்டாள். சும்மா இருக்கிற நேரத்தில் பொட்டலுக்குப் போவாள். செல்லமுத்து கல்லுக்கு மேலேயிருந்து ஒரு கை அகலத்துக்குப் பொருக்கை எடுத்துப் பொடித்துக் கொடுத்திருந்தார். அதைச் சுரண்டின தரையின் ஓரத்தில் தூவி, முள்ளை வெட்டி மேலே போட்டு வைத்திருந்தாள். குனிந்து முகத்தை வைத்துப் பார்ப்பாள். சில நாள் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது மாதிரி இருக்கும். மறுநாள் அது ஆட்டுப் புழுக்கை என்று தெரியும். தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். பச்சையானது மாதிரியும் இருந்தது, அவள் கண்ணுக்கு மட்டும் அப்படி இருந்தது மாதிரியும் இருந்தது.

செல்லமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பச்சையா இருக்கா பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "நீ இருக்குன்னு சொன்னா இருக்கு."

"நான் சொல்றது கெடக்கட்டும். ஒங்க கண்ணுக்கு?"

"கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன் புள்ள."

சித்திரை வந்தது. முறை மாறுகிற நாள். ஊரணி அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. முந்தின சித்திரையில் சேறுதான் கிடந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. சொர்ணவல்லிக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் கலிங்கு வழியும் என்று அவள் சொன்னதும் எல்லோருக்கும் நினைவிருக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டாள். இறங்கிக் குடத்தை மொண்டு ஏறி வந்தாள். எதிரே அழகி புதுக் குடத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊர் நின்றது.

சொர்ணவல்லிக்குக் குடத்தைக் கொடுக்க மனசில்லை. கொடுத்துவிட்டால் அழகி அந்தக் கரையை வெட்டி விடுவாள். மனிதர்களையும் ஆட்டையும் அந்த ஓரத்தில் மிதிக்க விடுவாளோ என்னமோ. இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள் என்று கேட்கலாம். எந்த முகத்தோடு கேட்பது? கெடுத்தவளே கேட்பதா? கேட்பதா வேண்டாமா என்று தெரியாமலேயே குடத்தைச் சாய்க்கப் போனாள்.

அழகி தன் குடத்தின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் மதினி."

ஊர் முணுமுணுத்தது. சந்தனம், "என்னம்மா இது, முறைய மாத்தக் கூடாதே" என்றார்.

"யாரு மாத்தச் சொன்னது? அவுக கெடுத்தாக. அவுகளே வளக்கட்டும். அரையும் கொறையுமா எந் தலையில கட்டுனா, நாளைக்கு நெறயலேன்னா அழகி வருசம்னு சொல்லுவீக. நல்லா வந்துச்சுன்னாலும் சொர்ணவல்லி பாசின்னு சொல்லுவீக. ரெண்டுலயும் எனக்கு என்ன இருக்கு?" சொர்ணவல்லியைப் பார்த்து, "எங்க வீட்டுப் புள்ள வேற போன்ல சொல்லிட்டே இருக்கு, அந்த ஓரத்த மிதிச்சிராதீங்க மிதிச்சிராதீங்கன்னு. யாரு அதுக்குக் காவக் காக்குறது? எனக்கு வேற சோலி இல்லயா?" என்றாள்.

சந்தனம் ஊரைப் பார்த்தார். ஊர் சந்தனத்தைப் பார்த்தது. வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவர், "சரி, ஒரு வருசம்" என்றார். அது தண்டனையா, சலுகையா என்று அவரும் சொல்லவில்லை.

சொர்ணவல்லி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அழகி செய்தது திட்டா, தயவா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அழகியின் முகத்தைப் பார்த்தாள். அழகி வேறு பக்கம் திரும்பி, வெறுங்குடத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சொல்லவும் மாட்டாள். குடத்துத் தண்ணீரைத் திரும்ப ஊரணியில் ஊற்றுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. இப்படி ஒன்று இதற்கு முன்னால் நடந்ததில்லை. கேட்கலாம் என்று பார்த்தால் ஊர் அதற்குள் கலைய ஆரம்பித்துவிட்டது.

குடத்தோடு பொட்டல் பக்கம், முள் போட்டு வைத்திருந்த ஓரத்தைப் பார்த்து நடந்தாள்.